எட்டாம் பீப்பாயின் மட்டம்

சத்தியம். உச்சிவெயிலில் நின்று, இரண்டு கையையும் தூக்கிச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கில் உப்பு உறைக்காமல் போகட்டும்.

கரடி என் ஜீப்பை நிறுத்தி லிப்ட் கேட்ட கதை பொய். ஒப்புக்கொள்கிறேன். அருவிக்குள் புதையல் பார்த்த கதையும் பாதிக்குமேல் பொய்.

இது அப்படியில்லை.

*

"அம்மா, என் நாக்கில் சாம்பல் இருக்கிறது."

வந்தவர் அப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

உலகம்மை காலிப் பீப்பாய் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாய் கொப்புளிச்சீங்களா?"

"பன்னிரண்டு வருஷமாகக் கொப்புளிக்கிறேன்."

"அப்ப தண்ணி மேல குத்தமில்ல."

*

வந்தவர் பெயர் ஆல்பர்ட் குணசீலன். சென்னைக்காரர். வயது அறுபத்துமூன்று.

விஸ்கியோ பிராந்தியோ ரம்மோ, மரப்பீப்பாயில் கிடந்து வயதான எதுவானாலும் அவர் மூக்கைத் தாண்டித்தான் கடைக்குப் போகும். மோந்து பார்ப்பார். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுவார். பிறகு நூற்றுக்கு இத்தனை என்று எழுதுவார். அவர் தொண்ணூறு போட்டால் சரக்கு கப்பல் ஏறும். முப்பது போட்டால் சரக்கின்மேல் தூசி ஏறும்.

உலகம்மைக்கு நாற்பத்தைந்து இருக்கும். குற்றாலத்துக்கு மேலே, வெள்ளைக்காரன் விட்டுப்போன, சாமான் அடைக்கிற கிட்டங்கி ஒன்றில், சரக்குள்ள எட்டுப் பீப்பாய்களோடு இருந்தாள். அவள் எதையும் விற்றதில்லை. ருசி செத்தவர்கள் அவளைத் தேடி வருவார்கள்.

சங்கரன்கோவில் கல்யாணச் சமையல்காரர் ஒருவர், உப்பு தெரியாமல் போய் வந்தார். அவரை மூன்று நாள் சும்மா உட்காரவைத்தாள். நாலாம் நாள் அழுதுகொண்டே இறங்கிப் போனார். கண்ணீர் உதட்டில் பட்டிருக்கிறது. வழியெல்லாம் "உப்பு, உப்பு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

வாரம் ஒருமுறை அந்தக் கிட்டங்கிக்கு அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு போன ஜீப் என்னுடையது. குணசீலனும் அதில்தான் வந்தார். அதனால் இந்தக் கதையில் பாதி என் கண்ணால் பார்த்தது.

மீதிப் பாதிக்கு, கிட்டங்கிச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது.

*

"எல்லாமே சாம்பலா?" என்று கேட்டாள் உலகம்மை.

"முதலில் காபி போயிற்று. அப்புறம் மாம்பழம். அப்புறம் மீன்குழம்பு. ஒவ்வொன்றாக. ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது."

"என்னது?"

"என் பேத்தி. ஒன்றரை வயது. நெற்றியில் முத்தம் கொடுத்தால் பால் வாசனை உதட்டில் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் கொடுத்தேன்."

அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"அதுவுமா?"

"அதுவும்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கையில என்ன பெட்டி?"

"தொழில் சாமான்."

"வாசல்ல வச்சிட்டு வாங்க."

பெட்டி வாசலில் இருந்தது. அவர் உள்ளே போனார்.

பெட்டியில் என்ன இருந்தது என்று நான் திறந்து பார்த்தேன். பித்தளைப் படிக்கம். ருசி பார்த்ததையெல்லாம் துப்புகிற படிக்கம். முகம் பார்த்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

*

அவள் அவர் கையில் ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்தாள். அதில் விரல் இடைவெளிக்கு ஒரு கோடு கீறியிருந்தது.

"எட்டுப் பீப்பாய். தெனமும் தக்கையை எடுத்து, குச்சியை விட்டு, மட்டம் பாருங்க. சுவத்துல கோடு போடுங்க."

"மருந்து?"

"அதான் மருந்து."

"என் நாக்குக்கு வந்த வியாதிக்குப் பீப்பாயை ஏன் அளக்க வேண்டும்?"

"நாப்பது வருஷமா நீங்க அளந்தது எதை?"

அவர் குச்சியை வாங்கிக்கொண்டார்.

"குச்சியை நக்கக் கூடாது," என்றாள். "துணியால துடைங்க."

*

பத்தாம் நாள் அவள் கேட்டாள்.

"மட்டம் என்ன சொல்லுது?"

"ஏழு பீப்பாயில் இறங்குகிறது. மயிரிழை மயிரிழையாக."

"இறங்கும். மரம் மூச்சு விடும்லா."

"வெளிநாட்டில் அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள், அம்மா. வருஷத்துக்கு நூற்றில் இரண்டு போகும்."

"இங்க பத்து போகும். நம்ம ஊர் வெயிலுக்கு தேவதைக்கும் தாகம் ஜாஸ்தி."

அவர் சிரிக்கவில்லை.

"எட்டாவது?" என்றாள்.

"எட்டாவது..." அவர் குச்சியைப் பார்த்தார். "எட்டாவது ஏறுகிறது."

"அப்படியா."

"நான் தப்பாக அளந்திருப்பேன்."

"அப்ப மறுபடி அளங்க."

*

மறுபடி அளந்தார். ஏறியிருந்தது.

யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நினைத்தார். தன் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி, தக்கைக்கும் மரத்துக்கும் குறுக்கே சோற்றுப்பசையால் ஒட்டினார். கிட்டங்கிக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார்.

யாரும் வரவில்லை. முடி அறுபடவில்லை.

தக்கையைத் திறந்தார். ஒரு நகக்கண் ஏறியிருந்தது.

மறுநாள் பீப்பாயில் காது வைத்துப் பார்த்தார். உச்சிப்பொழுது. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே கூரை ஓட்டையிலிருந்து விழுந்த ஒரு கம்பி வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்ததை நான் பார்த்தேன்.

ஓடிவந்தார்.

"அம்மா, உள்ளே சத்தம் கேட்கிறது."

"என்ன சத்தம்?"

"சப்புக்கொட்டுகிற சத்தம். யாரோ எதையோ ருசித்துச் சாப்பிடுகிறமாதிரி."

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன ருசின்னு கேட்டீங்களா?"

*

இருபத்திரண்டாம் நாள் அவர் தானாகவே வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"ஒன்றைச் சொல்லவில்லை, அம்மா."

"சொல்லுங்க அய்யா."

"இது ஆரம்பித்த நாள் எனக்குத் தெரியும். மார்கழி மாதம். எனக்கு ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்துக் கிடந்தது. சீயக்காய்க்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு என் மேஜையில் ஏழு கோப்பை."

"சளி பிடிச்சிருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ருசி பார்க்கிறவன் அதைச் சொல்லக் கூடாது. உரைகல் உடைந்துவிட்டது என்று தட்டான் கடைவாசலில் எழுதிப் போடுவானா? எங்கள் தொழிலில் எவனுக்கும் ஜலதோஷம் வந்ததே கிடையாது. கேட்டுப் பாருங்கள்."

"சரி. ஏழு கோப்பை."

"ஆறு பேருடைய சரக்கு எனக்கு ஏற்கெனவே தெரியும். போன வருஷம் போட்டதையே கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போட்டேன். ஏழாவது புதுசு. யாரோ மலையில் கருப்பட்டியைக் காய்ச்சி மரத்தில் பதினெட்டு வருஷம் போட்டு வைத்ததாம். வாயில் ஊற்றினேன். வெந்நீர் மாதிரி இருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை."

"என்ன செஞ்சீங்க?"

"பாட்டிலைப் பார்த்தேன். வாயைச் சாம்பல்மண் குழைத்து அடைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஒரு வரி வந்தது."

"என்ன வரி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"'மழையில் நனைந்த சுடுகாட்டுச் சாம்பல். நூற்றுக்கு முப்பத்தொன்று.'"

ஆய்ந்துகொண்டிருந்த கீரையில் உலகம்மையின் கை நின்றது.

"நல்ல வரி என்று எல்லாரும் பாராட்டினார்கள்," என்றார் அவர். "பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். மறுநாள் காலையில் காபி குடித்தேன், அம்மா. மழையில் நனைந்த சாம்பல்."

"அதுக்கப்புறம் மார்க்கே போடலையா?"

"போட்டேன். பன்னிரண்டு வருஷமும் போட்டேன். லேபிளைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்து. கண்ணாலேயே குடித்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. பேர்தான் கூடிற்று."

அவள் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அந்தச் சாம்பலைக் குழைச்சது நான்," என்றாள் பிறகு. "தக்கை கிடைக்கல. அடுப்புச் சாம்பலும் புத்துமண்ணும். அப்ப நான் இங்க பீப்பாய் கழுவ வந்தவ."

அவர் நிமிர்ந்தார். அவர் பார்வை அவளைத் தாண்டி, கிட்டங்கிக்குள், வரிசையில் கடைசியாக இருந்த பீப்பாய்க்குப் போயிற்று.

"காய்ச்சினவர்?"

"பூதலிங்கம்."

"எங்கே இருக்கிறார்?"

"அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பத்திரிகை வந்ததும் என்னை வாசிக்கச் சொன்னார். வாசிச்சேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. ஒண்ணு கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"எனக்கு அதுக்குப் பதில் தெரியாது. தெரிஞ்சா சொல்லுதேன்."

"அப்புறம்?"

"மறுநாள் விடியக்காலம் கிட்டங்கிக்குள்ள போனார். மத்தியானம் வரைக்கும் வரல. கதவு உள்பக்கம் தாழ். ஆள் வச்சு உடைச்சுப் பாத்தோம். எட்டாவது பீப்பாய் மேல அவர் துண்டு கிடந்தது. மடிச்சு."

"அவர்?"

"துண்டுதான் கிடந்தது."

ஒரு பல்லி கத்திற்று.

"அன்னைக்குத்தான் அதுல மட்டம் முதல்ல ஏறினது," என்றாள் உலகம்மை.

*

அன்றைக்கே அவர் கிளம்பிவிடுவார் என்று நினைத்து ஜீப்புக்கு டீசல் போட்டு வைத்தேன். கிளம்பவில்லை.

தினமும் அளந்தார். தினமும் எட்டாவது ஏறிற்று. அவர் மெலிந்துகொண்டே வந்தார்.

நாற்பத்தாறாம் நாள் அவளிடம் வந்து நின்றார். அன்றைக்கு அவர் குரலே வேறு.

"சாம்பலும் போய்விட்டது, அம்மா."

"என்னது?"

"சாம்பல் ருசி. நேற்றுவரைக்கும் இருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை. மிளகாயைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நாக்குக்குச் செய்தி போகவில்லை."

"பயமா இருக்கா?"

"சாம்பலாவது என்னுடையது என்று இருந்தேன்."

"எட்டாவது மட்டம்?"

"தக்கையைத் தொட்டுவிட்டது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளை கழிச்சு திறக்கலாம்."

*

நாற்பத்தெட்டாம் நாள் என் அரிசி நாள் இல்லை. இருந்தாலும் போனேன். மனசு சும்மா விடுமா?

உலகம்மை எட்டாவது பீப்பாயை முஷ்டியால் தட்டினாள். நிறைந்த பீப்பாய் தருகிற சத்தம். கனமான, அடைபட்ட சத்தம்.

"ஒரு சிரட்டைதான்," என்றாள். "ஒரு வாய்தான். உங்களுக்கு உள்ளது இதுல இருக்கு. அவருக்கு உள்ளதும் இதுலதான் இருக்கு."

"அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

"முதல்ல ருசி பாருங்க. இந்தத் தடவை ருசி பாத்துட்டு மார்க் போடுங்க."

தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினாள். தேன் நிறமும் இல்லை, ரத்த நிறமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒன்று.

அவர் மூக்கருகே கொண்டுபோனார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அவர் மறுபடி ஆழமாக மோந்தார்.

"காபி," என்றார். "ஸ்டெல்லா போட்ட காபி. கல்யாணமான மறுநாள். தீய்ந்துபோயிற்று, அதை மறைக்கப் பால் கூட ஊற்றியிருந்தாள்."

உலகம்மை சிரட்டையின் அடியைத் தாங்கிக்கொண்டாள்.

"மாம்பழக் காம்பில் வடிகிற பால். மீன்குழம்பில் வெந்தயம். சர்ச்சில் மெழுகுவர்த்தி அணைந்ததும் வருமே, அந்தப் புகை. எல்லாம் இருக்கிறது, அம்மா. ஒன்றுகூடக் குறையவில்லை."

"இன்னும் கிட்ட."

"அடியில் கருப்பட்டி. பதினெட்டு வருஷக் கருப்பட்டி. எவ்வளவு பொறுமை இதில்..."

அவர் நிறுத்தினார். மூச்சை இழுத்தார்.

"பால் வாசனை," என்றார். "என் பேத்தி நெற்றி."

"குடிங்க."

குடித்தார். ஒரு வாய், சிரட்டை காலி.

கண்ணை மூடிக்கொண்டார். நாக்கில் ஏந்தினார். இடது கன்னத்துக்கு உருட்டினார். வலது கன்னத்துக்கு உருட்டினார். பல்லிடுக்கில் காற்றை இழுத்து, மேலண்ணத்தில் ஏற்றினார். கண்ணீர் தாடைவரைக்கும் இறங்கிற்று. அப்படி ஒரு சந்தோஷத்தை மனுஷ முகத்தில் நான் பார்த்ததில்லை.

அப்புறம் அவர் கழுத்து இடதுபக்கம் திரும்பிற்று.

நாற்பது வருஷமாகப் படிக்கம் இருக்கிற பக்கம்.

துப்பிவிட்டார்.

*

படிக்கம் வாசலில் பெட்டிக்குள் இருந்தது. துப்பியது மண்தரையில் விழுந்தது. அவர் கண்ணைத் திறப்பதற்குள் மண் அதைக் குடித்துவிட்டது. ஒரு கையகல ஈரம் மட்டும் மிச்சம்.

அவர் அந்த ஈரத்தைப் பார்த்தார். தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

உலகம்மை திரும்பிப் பீப்பாயைத் தட்டினாள்.

வெறும் மரம். கோயில் முரசு மாதிரி அதிர்ந்து அடங்கிற்று.

நிறைந்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். சத்தத்தைத்தான் நான் கேட்டேன்.

அவள் பீப்பாயில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

"என்ன?"

"அன்னைக்கு அவர் கேட்டதுக்குப் பதில். பன்னிரண்டு வருஷமா தெரியாம இருந்தேன்."

"என்ன கேட்டார்?"

"சாம்பல்னு எழுதினதைப் பத்தி அவர் கேக்கல. முப்பத்தொண்ணைப் பத்தியும் கேக்கல."

"என்னதான் கேட்டார், அம்மா?"

"'ஒரு மடக்காவது முழுங்கினாராம்மா?'"

*

குணசீலன் நின்ற இடத்திலேயே முழந்தாளிட்டார். குனிந்தார். அந்தக் கையகல ஈரத்தில் வாயை வைத்தார்.

அப்படியே கிடந்தார். கூரை ஓட்டையிலிருந்து விழுந்த கம்பி வெளிச்சம் அவர் முதுகைக் கடந்து அடுத்த பீப்பாய்க்குப் போகிறவரைக்கும் கிடந்தார்.

"என்ன தெரியுது?" என்றாள் உலகம்மை.

"மண்."

"மண்ணுதானா?"

மறுபடி நாக்கை வைத்தார். கொஞ்சம் மண்ணை வாயில் எடுத்தார்.

"மண். பழைய மண். மாட்டுச்சாணம் மெழுகியிருக்கிறது. ஓரத்தில்... ஓரத்தில் ஒரு துளி கருப்பட்டி."

அவர் தலை தூக்கினார். உதடெல்லாம் சேறு.

"சாம்பல் இல்லை, அம்மா."

வெறும் பீப்பாய்க்குள் யாரோ சப்புக்கொட்டுவதை நிறுத்தியமாதிரி இருந்தது. சத்தம் நின்ற பிறகுதான், இவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது.

உலகம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூத்துக்கு எத்தனை?"

அவர் எண் சொல்லவில்லை.

முழுங்கினார்.

*

இவ்வளவுதான். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

பித்தளைப் படிக்கத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது யார் வீட்டில் இருக்கிறது என்பது உங்களுக்கு எதற்கு?

எட்டாவது பீப்பாய் மறுபடி ஏற ஆரம்பித்திருக்கிறதாம். போன வாரம் அரிசி கொண்டுபோனபோது உலகம்மை சொன்னாள். யார் நாக்கிலிருந்து என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

நேற்று என் வீட்டுச் சாம்பாரில் உப்பு குறைவாக இருந்தது. மற்ற எல்லாருக்கும் சரியாக இருந்ததாம்.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். சொன்னது நான் என்று ஒருத்தரிடமும் சொல்லாதீர்கள்.